கொளத்தூரின் வண்ண மீன்கள்: அன்றும் இன்றும்

1980-களின் தொடக்கத்தில் சென்னையில் ஒருவர் வீட்டில் மீன் வளர்க்க ஆசைப்பட்டால், அக்கம்பக்கத்தார் முதலில் கைகாட்டியது மூர் மார்க்கெட்டைத்தான். சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி 1898-ல் அடிக்கல் நாட்டி 1900-ல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தில் பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, புறா, முயல் என்று எல்லாவற்றோடும் கலர் மீனும் கிடைத்தது. பக்கத்திலேயே மிருகக்காட்சி சாலை. பிள்ளைகளோடு அதைப் பார்க்க வந்தவர்கள், திரும்பும்போது பாலித்தீன் பையில் நாலு மீனைக் கட்டிக்கொண்டு போவார்கள். 1985 மே மாதக் கடைசியில் மூர் மார்க்கெட் தீக்கிரையானது. அதே ஆண்டில் மிருகக்காட்சி சாலை வண்டலூரில் புதிதாகத் திறக்கப்பட்டது.

சந்தை எரிந்த பிறகும் மீன் தொழில் நிற்கவில்லை. ஏனென்றால் மீன் பிறந்த இடம் சந்தை இல்லை. வில்லிவாக்கத்தையும் பெரம்பூரையும் தாண்டி, ஏரியும் வயலுமாகக் கிடந்த கொளத்தூரில், வீட்டுக் கொல்லைகளிலும் மொட்டை மாடிகளிலும் மீன் பெருகிக்கொண்டிருந்தது. இன்று இந்தியாவில் அலங்கார மீன் என்றால் கொல்கத்தாவோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் கொளத்தூர். அந்த ஊருக்கு மீன் வாங்கப் போய்ப் பழகியவன் என்ற முறையில், ஆரோக்கியமான, நல்ல இனத்து மீனைத் தேடுவது அன்று எப்படி இருந்தது, இன்று எப்படி மாறியிருக்கிறது என்பதை எழுதத் தோன்றுகிறது. மீனின் வகைகள் பெருகியிருக்கின்றன, வளர்ப்பவரின் அறிவு கூடியிருக்கிறது. ஆனால் மீனின் உடம்பு பலவீனப்பட்டிருக்கிறது. இந்த மூன்றும் ஒரே காலத்தில் நடந்திருக்கின்றன.

கொல்லைப்புறத்துப் பண்ணைகள்

அன்றைய கொளத்தூரில் பண்ணை என்றால் பெரிய கொட்டகை ஒன்றும் இருக்காது. வீட்டுக்குப் பின்னால் வரிசையாகச் சிமெண்ட் தொட்டிகள், கிணற்று உறைகள், வேப்பமர நிழலில் மண் குளம் ஒன்று, அதற்கு மேல் காக்கையும் மீன்கொத்தியும் வராமல் கட்டிய பழைய வலை. தண்ணீர் பச்சையாக இருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதை அழுக்கு என்று நினைப்பார்கள். மீன் குஞ்சுக்கு முதல் வாரத்துச் சோறு அந்தப் பச்சையில்தான் இருந்தது.

வேலை முழுக்கக் கைப்பழக்கம். கோல்டு ஃபிஷ் முட்டையிடும் நாளில் ஆகாயத் தாமரையைத் தொட்டியில் மிதக்க விடுவார்கள். அதன் வேர்க்கொத்தில் முட்டைகள் ஒட்டிக்கொள்ளும். உடனே செடியை வேறு தொட்டிக்கு மாற்றாவிட்டால் பெற்ற மீனே முட்டையைத் தின்றுவிடும். ஏஞ்சலுக்குச் செங்குத்தாக ஓடோ பைப்போ சாய்த்து வைக்க வேண்டும். அதன் மேல்தான் அது வரிசை பிடித்து முட்டை ஒட்டும். ஃபைட்டரின் கதை வேறு. ஆண் மீன் வாயால் நுரை ஊதிக் கூடு கட்டி, கீழே விழும் முட்டையை ஒவ்வொன்றாகக் கவ்வி மேலே வைத்துக் காக்கும். குஞ்சுகள் வளர்ந்து ஆண்கள் சண்டை போடத் தொடங்கியதும் ஒவ்வொன்றையும் ஒரு கண்ணாடி பாட்டிலில் பிரித்துவிடுவார்கள். சுவரோரம் நூற்றுக்கணக்கில் அடுக்கிய பாட்டில்களும், ஒவ்வொன்றிலும் ஒரு மீனும் ஒரு துண்டுக் காய்ந்த பாதாம் இலையும் கொளத்தூரில் சாதாரணக் காட்சி. பாதாம் இலை ஊறிய தண்ணீர் லேசாகப் பழுப்பாகும். பூஞ்சை அண்டாது, செதிலும் துடுப்பும் கெடாது என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது.

தீனியில்தான் அன்றைய பலவீனம் இருந்தது. சென்னையின் கழிவுநீர்க் கால்வாய்களில் இடுப்பளவு இறங்கி, சேற்றை அலசி எடுத்த டியூபிஃபெக்ஸ் புழுதான் முக்கியத் தீனி. மீன் அதைத் தின்று கொழுகொழுவென்று வளர்ந்தது உண்மை. சாக்கடைக் கிருமிகளும் அதோடு தொட்டிக்குள் வந்ததும் உண்மை. புழுவை ஓடும் தண்ணீரில் நாள் கணக்கில் அலசிவிட்டுப் போட்ட வீட்டு மீனுக்கும், வாங்கிய கையோடு போட்ட வீட்டு மீனுக்கும் வித்தியாசம் தெரிந்தது. நல்ல பண்ணை எது என்று வியாபாரிகள் அறிந்திருந்தது இந்த மாதிரி விஷயங்களால்தான். வாங்கும் நமக்கு அது தெரிய வழியில்லை.

வகைகள் குறைவு. கப்பி, மோலி, ப்ளாட்டி, ஸ்வோர்டு டெயில், கோல்டு ஃபிஷ், ஏஞ்சல், கௌராமி, டைகர் பார்ப், ஃபைட்டர் இவற்றைச் சுற்றித்தான் வியாபாரம். ஆனால் அவை தலைமுறை தலைமுறையாக நம் வெயிலிலும் நம் நிலத்தடி நீரிலும் பிறந்து வளர்ந்தவை. வடசென்னை போர் தண்ணீரில் உப்பும் கடினத்தன்மையும் அதிகம். குட்டி போடும் கப்பிக்கும் மோலிக்கும் அப்படிப்பட்ட தண்ணீர்தான் இயல்பு. கப்பிக்கு இந்த நாட்டோடு ஏற்பட்ட உறவும் பழையது: 1908-லேயே கொசுப் புழுவைத் தின்பதற்காக அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அலங்காரத்துக்கு வருமுன் கிணற்றிலும் கால்வாயிலும் வாழ்ந்து பழகிய மீன் அது. மே மாத வெயிலையும் மின்வெட்டையும் இந்த வகைகள் எல்லாமே தாங்கின.

வீட்டுக்கு வந்ததும் செத்த மீன்கள்

அப்படித் தாங்கும் மீன்களே நம் வீடுகளில் வாரக்கணக்கில்தான் உயிரோடு இருந்தன. காரணம் பண்ணை இல்லை, வீடு. இரும்புச் சட்டத்தில் பட்டி வைத்து ஒட்டிய தொட்டி, இல்லாவிட்டால் உருண்டைக் கண்ணாடி ஜாடி. அடியில் சாயம் பூசிய கல், ஒரு பிளாஸ்டிக் செடி, மூடித் திறக்கும் புதையல் பெட்டிப் பொம்மை. வாரம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை மீனை வாளியில் எடுத்துப் போட்டு, தொட்டியைக் கவிழ்த்து, கல்லைச் சோப்புப் போட்டுக் கழுவி, குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றினால் சுத்தம் என்று எல்லா வீட்டிலும் நம்பினார்கள்.

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. தொட்டியின் கல்லிலும் வடிகட்டியின் பஞ்சிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிரிகள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிரிகள் போதுமான அளவு பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். வாரம்தோறும் கல்லைக் கழுவிய வீடுகளில் அந்த நுண்ணுயிரி ஒருநாளும் நிலைக்கவில்லை. போதாக்குறைக்குக் குழாய்த் தண்ணீரின் குளோரின் மீனின் செவுளை அரித்தது. இது தெரியாமல் "மீனுக்கு ராசி இல்லை" என்று சொல்லிவிட்டு மறுபடி வாங்கினோம். செத்த மீனுக்கு மாற்று வாங்குகிற வாடிக்கையாளரை வைத்தே பல கடைகள் ஓடின. மீன் நல்ல மீனா என்று கேட்கவே அன்று தோன்றவில்லை. அழகாக இருக்கிறதா, நீந்துகிறதா என்பதோடு கேள்வி முடிந்துவிட்டது.

கையில் வந்த உலகம்

இன்று கொளத்தூரின் மீன் கடைத் தெருவில் நடந்தால் அந்தக் காலத்தின் சுவடே தெரியாது. கடைக்குக் கடை வெளிநாட்டுப் பெயர்ப் பலகை, நீல விளக்கு, கண்ணாடி ஓரமே தெரியாத சுத்தமான தொட்டிகள். ஜப்பானியர் தகாஷி அமானோ உலகெங்கும் பரப்பிய செடித் தொட்டிக் கலை சென்னை வீடுகளுக்கும் வந்துவிட்டது. வேர்க் கட்டையும் பாறையும் வைத்து, கார்பன் டை ஆக்சைடு செலுத்திச் செடி வளர்த்து, அதற்குள் சின்னச் சின்ன டெட்ராக் கூட்டத்தை விடுகிறார்கள் கல்லூரிப் பிள்ளைகள். அம்மோனியா அளக்கும் மருந்துக் குப்பி வீட்டில் இருக்கிறது. தொட்டி பழகும்வரை மீன் வாங்காமல் காத்திருக்கும் பொறுமையும் வந்திருக்கிறது. மீன் வளர்ப்பில் நடந்த பெரிய நல்ல மாற்றம் இதுதான்.

மீன்களின் பெயர்களும் பெருகிவிட்டன. கப்பி என்று மட்டும் சொன்னால் இன்று கடைக்காரர் அடுத்த கேள்வி கேட்பார்: அல்பினோ ஃபுல் ரெட்டா, மாஸ்கோ ப்ளூவா, டம்போ இயரா? ஃபைட்டரில் ஹாஃப்மூன், க்ரௌன் டெயில், ப்ளாக்கட், கோய் என்று வகைகள். ஃபைட்டரைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக 2019-ல் அறிவித்த தாய்லாந்திலிருந்து ஜோடி ஜோடியாக இங்கே வருகின்றன. பினாங்கில் பெருக்கிய டிஸ்கஸ், மலேசியாவில் உருவான ஃப்ளவர்ஹார்ன், அரோவானா எல்லாம் வருகின்றன. ஆசிய அரோவானா அழிவின் ஆபத்தில் உள்ள இனம் என்பதால் காட்டுயிர் வணிகம் குறித்த சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அதை வீட்டில் வைத்திருப்பவர் முறைப்படி பதிவு செய்ய வேண்டும் என்பதையும் வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும்.

விற்கும் முறையும் மாறிவிட்டது. ப்ரீடர், அதாவது மீன் இனம் பெருக்குபவர், தன் மாடியில் இருந்தபடியே ஃபோனில் வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். திருநெல்வேலியில் இருப்பவர் ஒரு ட்ரையோ, அதாவது ஓர் ஆணும் இரண்டு பெண்ணும், பதிவு செய்கிறார். இரவு ஆம்னி பஸ்ஸில் தெர்மாக்கோல் பெட்டி ஏறுகிறது. பயணத்துக்கு முந்தைய நாள் மீனைப் பட்டினி போடுகிறார்கள், பைக்குள் கழிவு சேராமல் இருக்க. பையில் ஒரு பங்கு தண்ணீர், மீதி சிலிண்டர் ஆக்சிஜன். போய்ச் சேரும்போது மீன் செத்திருந்தால் அதை டி.ஓ.ஏ. என்பார்கள். பையைப் பிரிக்காமல் வீடியோ எடுத்து அனுப்பினால் பணமோ மாற்று மீனோ தருவது இந்தத் தொழிலில் பரவலான வழக்கம். முகம் பார்க்காமலே நம்பிக்கை நடக்கிறது.

அழகுக்குக் கொடுக்கும் விலை

இவ்வளவு வளர்ச்சிக்கும் நடுவில், பழைய ஆட்கள் எல்லோரும் சொல்லும் ஒரு குறை இருக்கிறது: "முன்ன மாதிரி மீன் தாங்குறதில்லை சார்." பழசை நினைத்து ஏங்குவோர் பேச்சு என்று இதைத் தள்ளிவிட முடியாது. காரணங்கள் கண்முன்னே இருக்கின்றன.

முதல் காரணம், நெருங்கிய உறவுக்குள் திரும்பத் திரும்ப இணை சேர்ப்பது. ஒரு நிறத்தையோ வால் வடிவத்தையோ நிலைநிறுத்த அண்ணன் தங்கையைச் சேர்ப்பது ஓரளவுக்குத் தவிர்க்க முடியாதது. வேறு வம்சத்து ரத்தம் கலக்காமல் அதையே தொடர்ந்தால் குட்டிகள் குறையும், முதுகு வளையும், நோய் எதிர்ப்பு போகும். பலூன் மோலி என்று குண்டாக, குழந்தைகள் விரும்பும் மீன் இருக்கிறதே, அதன் வடிவமே முதுகெலும்புக் குறையால் வந்தது. மனிதன் அந்தக் குறையைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினான். உள்ளுறுப்புகள் நெருக்கப்படுவதால் இந்த மீன்கள் சீக்கிரம் சாகின்றன.

இரண்டாவது, சாயமும் ஹார்மோனும். உடல் வழியே எலும்பு தெரியும் நம் நாட்டுக் கண்ணாடி மீனுக்கு ஊசியால் சாயம் ஏற்றி விற்கும் கொடுமை உலகம் முழுக்க இருக்கிறது. நிறம் சில மாதத்தில் மங்கிவிடும். ஊசி போட்ட இடத்தில் தொற்று வரும். சின்ன மீனுக்குத் தீனியில் ஆண் ஹார்மோன் கலந்து கொடுத்தால் வயதுக்கு முன்பே பளபளக்கும். வீட்டுக்கு வந்த பிறகு நிறமும் வெளுக்கும், குட்டி போடும் திறனும் கெட்டுப்போகும்.

மூன்றாவது, பயணம். சிங்கப்பூரிலோ பாங்காக்கிலோ பெட்டி கட்டிய மீன், இறக்குமதியாளரிடம் ஒரு தொட்டி, மொத்த வியாபாரியிடம் ஒரு தொட்டி, சில்லறைக் கடையில் ஒரு தொட்டி என்று மாறிக்கொண்டே வருகிறது. ஒவ்வொரு இடத்திலும் தண்ணீர் வேறு, கூட இருக்கும் மீன்கள் வேறு, அவை சுமக்கும் நோய் வேறு. குள்ள கௌராமியைக் கொல்லும் வைரஸ் தென்கிழக்கு ஆசியப் பண்ணைகளிலிருந்து இப்படித்தான் நாடு நாடாகப் பரவியது. அந்த நோய்க்கு மருந்து கிடையாது. வழியில் மீன் சாகாமலிருக்க ஆன்டிபயாட்டிக் கலந்த தண்ணீரிலேயே வைத்திருந்தால், நம் வீட்டுச் சுத்தமான தண்ணீருக்கு வந்த ஒரே வாரத்தில் அடங்கியிருந்த நோய் வெளியே வரும்.

மீனின் பலவீனத்தோடு சேராத இன்னொரு கேடு தொட்டிக்கு வெளியே இருக்கிறது. பாசி தின்னும் என்று சொல்லி விற்ற சக்கர் மீன், ஒரு அடிக்கு மேல் வளர்ந்ததும் ஏரியில் கொண்டுபோய் விடப்படுகிறது. கெட்டியான தோலும் முள்ளும் கொண்ட அந்த மீனை நம் ஏரியில் தின்பார் இல்லை. வலையைக் கிழிக்கிறது, கரையைத் துளைக்கிறது, நாட்டு மீனின் உணவைப் பறிக்கிறது. நல்ல மீனைத் தேடுவதில் நம் தொட்டிக்குப் பொருந்தாத மீனை வாங்காமல் இருப்பதும் சேர்த்திதான்.

நல்ல வம்சம் எப்படி உருவாகிறது

இதற்கு மாறாக, நல்ல இனத்தைக் காப்பாற்றும் ப்ரீடர் என்ன செய்கிறார் என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கப்பியையே எடுத்துக்கொள்ளலாம். பெண் கப்பி ஒருமுறை இணை சேர்ந்தால் அந்த விந்தை மாதக்கணக்கில் உடம்பில் சேமித்து வைத்து, ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒரு முறை குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே வளர்ந்த பெண்ணைக் கலப்புத் தொட்டியிலிருந்து வாங்கினால் பிறக்கும் குட்டி யாருடையது என்று சொல்ல முடியாது. சுத்தமான வம்சம் வேண்டுமென்றால் பெண் கன்னியாக இருக்கும்போதே பிரித்தாக வேண்டும்.

அதனால் அவர் குட்டிகளை மூன்று, நான்கு வாரத்துக்குள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்க்கிறார். அடிவயிற்றில் கறுத்த புள்ளி தெரிந்தால் பெண். அடித் துடுப்பு கூர்மையாக நீளத் தொடங்கினால் ஆண். இரண்டையும் தனித்தனித் தொட்டியில் வளர்க்கிறார். முதுகு கோணியது, வால் கிழிந்தது, வளர்ச்சி குன்றியது எல்லாவற்றையும் இனப்பெருக்கத்திலிருந்து ஒதுக்குகிறார். மிஞ்சியதில் நிறத்தை மட்டும் பார்க்காமல், தீனிக்கு முந்தி வருகிற, கட்டான உடம்புள்ள மீனைத் தாய் தந்தையாகத் தேர்ந்தெடுக்கிறார். ஒரே வம்சத்தை இரண்டு, மூன்று கிளையாகப் பிரித்து வைத்து, சில தலைமுறைக்கு ஒருமுறை கிளைகளை மாற்றிச் சேர்க்கிறார். தொட்டிக்குத் தொட்டி தேதி எழுதிய சீட்டு ஒட்டியிருக்கிறது. தீனி இப்போது ஆர்ட்டீமியா, சொந்தமாக வளர்த்த மொய்னா போன்ற நுண்ணிய நீருயிர்கள். கால்வாய்ப் புழுவை விட்டொழித்தவர்கள் நிறையப் பேர்.

இந்த உழைப்புக்கு ஆகும் இடமும் காலமும் அதிகம். ஒரு தொட்டிக் குட்டியில் அவர் தன் பெயரில் விற்கத் துணியும் மீன் கொஞ்சம்தான். அதனால் விலை கூடுதலாக இருக்கும். அந்த விலையைக் கொடுப்பதற்கு நாம் யோசிக்கக் கூடாது. மலிவான கலப்பு மீனை நான்கு முறை வாங்கிச் சாகவிடுவதைவிட இது எவ்வளவோ சிக்கனம். மீனுக்கும் மரியாதை.

வாங்கப் போகும்போது

நாற்று வாங்கும் விவசாயி விதை எந்த வயலில் விளைந்தது என்று கேட்பார். மீன் வாங்குகிறவரும் அப்படித்தான் தொடங்க வேண்டும். "இது லோக்கலா, இம்போர்ட்டா? யார் வளர்த்தது? கடைக்கு வந்து எத்தனை நாள் ஆச்சு?" நேற்று வந்த லாட் என்றால் வாங்க வேண்டாம். பணம் கொடுத்து ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டு ஒரு வாரம் கழித்துப் போகலாம். நல்ல கடைக்காரர் இதற்குச் சம்மதிப்பார்.

அடுத்தது தொட்டியைப் பார்க்க வேண்டும். நீ வாங்கப்போகும் மீன் ஆரோக்கியமாக இருந்தாலும், அதே தண்ணீரில் ஒன்று செத்து மிதந்தால் திரும்பி வந்துவிடு என்பது பழைய பண்ணைக்காரர்கள் இளைஞர்களுக்குச் சொல்லும் பாடம். தண்ணீர் நீலமாகவோ மஞ்சளாகவோ இருந்தால் மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கடையின் எல்லாத் தொட்டிக்கும் ஒரே வலையை முக்குகிறார்களா என்று கவனியுங்கள். ஒரு தொட்டி நோய் எல்லாத் தொட்டிக்கும் போக அது போதும்.

பிறகு மீன். துடுப்பை விரித்து நீந்த வேண்டும். மடக்கி ஒடுங்கி நின்றால் உடம்பு சரியில்லை. இரண்டு செவுளும் சீராக அசைய வேண்டும். மேல்மட்டத்தில் வாய் திறந்து மூச்சு வாங்கக் கூடாது. மேலிருந்து பார்த்தால் முதுகு நேராக இருக்க வேண்டும். வயிறு உள்வாங்கியிருந்தால் குடல் புழு இருக்கலாம், செதில் சிலிர்த்து நின்றால் நீர்க்கோவை. உப்புத் தூள் தூவியதுபோல வெள்ளைப் புள்ளி இருந்தால் அந்தத் தொட்டியே வேண்டாம். கடைசியாக, கொஞ்சம் தீனி போடச் சொல்லுங்கள். ஓடி வந்து சாப்பிடுகிற மீனைத் தேர்ந்தெடுங்கள். உடனே சாப்பிடாத மீனைக் கடைக்காரர் "புதுசு சார், பழகிடும்" என்பார். பழகிய பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

தண்ணீரைப் பற்றியும் கேளுங்கள். நம் வீட்டில் கடினமான போர் தண்ணீர்தான் என்றால் கப்பி, மோலி, ப்ளாட்டி, கோல்டு ஃபிஷ் நிம்மதியாக வாழும். நியான் டெட்ராவும் டிஸ்கஸும் மென்மையான தண்ணீர் கேட்பவை, ஆர்.ஓ. தண்ணீர் கலக்கிப் பராமரிக்க முடியுமானால் மட்டும் அவற்றைத் தொட வேண்டும். மீனுக்காகத் தண்ணீரை மாற்றுவதைவிடத் தண்ணீருக்கேற்ற மீனைத் தேர்ந்தெடுப்பது எளிது.

வீட்டுக்கு வந்ததும் பையைத் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்க விட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விட வேண்டும். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. எந்தப் புது மீனும் முதலில் தனித் தொட்டியில் இரண்டு முதல் நான்கு வாரம் இருக்கட்டும். வெள்ளைப் புள்ளி நோயின் ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. உதிர்ந்து தண்ணீரில் நீந்தும் கட்டத்தில்தான் சாகும். ஆகவே நோய் தெரிய வரவும், தீரவும் நாள் வேண்டும். ஒரு சின்னத் தொட்டியும் ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டரும் அந்தக் காத்திருப்புக்குப் போதும்.

ஊர் மாறும்போது

இவ்வளவையும் நமக்குக் கற்றுத் தந்த கொளத்தூரில் இன்று மீன் பிறப்பது குறைந்துகொண்டு வருகிறது. நிலம் அடுக்குமாடியாகிவிட்டது. பண்ணைகள் செங்குன்றம், பொன்னேரி என்று வடக்கே நகர்ந்துவிட்டன. கொளத்தூரில் மிஞ்சுவது விற்பனை. 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த மழையும் தாழ்வான இடத்துத் தொட்டிகளை மூழ்கடித்தன. தொட்டி மூழ்கினால் விற்பனை மீனோடு, பல ஆண்டு பொறுக்கிச் சேர்த்த தாய் மீனும் ஒரே இரவில் போய்விடும். பணம் இருந்தாலும் அந்த வம்சத்தை மறுபடி உருவாக்கக் காலம் வேண்டும்.

ஆதரவும் வந்திருக்கிறது. 2020-ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லைப்புற அலங்கார மீன் வளர்ப்புக்கு 3 லட்சம் ரூபாய், நடுத்தரப் பண்ணைக்கு 8 லட்சம் ரூபாய் என்று அலகுச் செலவு நிர்ணயித்து, அதில் 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியலினத்தாருக்கும் 60 சதவீதமும் மானியமாக அறிவித்தார்கள். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் கொளத்தூர் பகுதியில் வண்ண மீன் வர்த்தக மையம் ஒன்றைக் கட்ட முன்வந்தது. 2012-ல் தொடங்கிய தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகம் வழியாக இளைஞர்களுக்கு வண்ண மீன் வளர்ப்புப் பயிற்சியும் கிடைக்கிறது.

கடல் மீனிலும் இந்த மாற்றம் தெரிகிறது. ஒரு காலத்தில் பவளத் திட்டுகளிலிருந்து பிடித்து வந்த கோமாளி மீனைப் பொரிப்பகத்திலேயே பெருக்கும் நுட்பத்தை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் வளர்த்தெடுத்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் வாழும் மிஸ் கேரளா மீன், தொட்டி வியாபாரத்துக்காக அளவின்றிப் பிடிக்கப்பட்டு அழிவின் விளிம்புக்குப் போனது. அதையும் பண்ணையில் பெருக்க முடிந்திருக்கிறது. காட்டிலிருந்து பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா என்று கேட்டு, பண்ணை மீனையே வாங்கும் ஒவ்வொருவரும் ஓர் ஓடையைக் காப்பதில் பங்கெடுக்கிறார்கள்.

அன்று மீன் வலுவாக இருந்தது, நமக்கு அறிவு இல்லை. இன்று அறிவு இருக்கிறது, மீனின் வலு குறைந்துவிட்டது. இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும் வழி நம் பக்கத்தில்தான் இருக்கிறது. நம் வெயிலிலும் நம் தண்ணீரிலும் இரண்டு தலைமுறையாவது பிறந்து வளர்ந்த மீனைக் கேட்டு வாங்குவோம். அதன் தாய் தந்தையைக் காட்டக் கூடிய ப்ரீடரைத் தேடிப் போய், அவர் சொல்லும் நியாயமான விலையைக் கொடுப்போம். சாயம் போட்டதையும் முதுகு வளைந்ததையும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்போம். பண்ணைக்காரர் எதை வளர்க்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கடை வாசலில் நாம் கேட்கும் கேள்விதான். நாம் நிறத்தை மட்டும் கேட்டபோது அவர்கள் நிறத்தைத் தந்தார்கள். ஆரோக்கியத்தைக் கேட்டால் அதையும் தரத் தெரிந்த கைகள் கொளத்தூரிலும் பொன்னேரியிலும் இன்னும் இருக்கின்றன.